கையெழுத்து

கையெழுத்துதானே சார், போட்டுத் தர்றேன். எங்க ஓடிப்போவப் போறேன்? மொதல்ல குந்து. ஃபேனு அந்தப் பக்கம்தான் அடிக்கும், சேர இப்டி இஸ்துக்கோ. பம்பாய் போலீஸு இன்னாடா தமிழ் பேசுதேன்னு பார்த்தேன். தாராவிலயே பொறந்து வளந்தியா? அதான் உன்னியப் புடிச்சு எண்ணூர் வரிக்கும் அனுப்சிட்டாங்க.

படிக்கல்லாம் வேணாம், நீ சொன்னதே போதும். எம்புள்ள அறிவு செத்ததுக்கு வேம்புதான் காரணம், மேல கயித்தப் புடிச்சுகினு இருந்தவன் அசால்ட்டா அவுத்து வுட்டுட்டான். அதானே? அப்பனும் கையெழுத்து வெச்சுட்டா வேம்பு உள்ளயே கெடப்பான்.

எழவுக்கு வேம்பு ஆத்தா ஞானபாக்கியம் வந்துச்சு சார். வாசல்லயே நின்னுச்சு. எம் பொஞ்சாதி பூவம்மா மண்ண வாரி அது மேல தூத்துனா. நான் பார்த்துகினே குந்தினு இருந்தேன்.

இருய்யா, சொல்றேன், அவசரப்படாத. நாங்க பம்பாய்க்குப் போனதே சுத்திப் பார்க்கத்தான். பூவம்மா மெட்ராஸத் தாண்டுனதே கெடையாது. அம்மாவ ஒருவாட்டி மேல ஏத்திக் காட்டணும்னு அறிவுதான் டிக்கெட்டு போட்டு வரவெச்சான். அறுவது மாடி சார்! கண்ணாடி தொடைக்கிற வேல அவனுக்கு. அம்பதாவது மாடில வெளிய வராண்டா வுட்டு, ஜனம் நின்னு ஊரப் பார்க்குது. லிப்டுல காது அடைச்சுகிச்சு. பூவம்மா என் சட்டயப் புடிச்சவ வுடவேல்ல. வெளிய வந்தா கடலு, கப்பலு, பாலம், அம்மாடி! அத்தினி ஒசரத்துல நின்னுகினு இன்னா கேட்டா தெரிமா? நம்ப எண்ணூரு எந்தப் பக்கம் கீதுன்னு. சிரிச்சுட்டேன்.

எனக்கு ஒசரம் புதுசில்ல. அத்திப்பட்டு பவர் ஹவுஸு பொகக்கூண்டுக்கு பெயிண்ட் அடிச்ச கோஷ்டிக்கு நான்தான் மேஸ்திரி. வேம்பு எங்கிட்ட பத்து வருசம் மேல கயிறு புடிச்சான். அறிவுக்குத் தொணையா இருடான்னு பம்பாய்க்கு அனுப்சதும் நான்தான். பொகக்கூண்டு மேல அடிக்கிற காத்துல கத்துனா எவனுக்குக் கேக்கும்? எல்லாம் கையிதான் சார். கூண்டு நடுவுல கீற மேடைலேந்து நான் கைய மூடிக் காட்டுனா, புடி. விரிச்சுத் தலைக்கு மேல ஆட்டுனா, ஆள் மேடைக்கு வந்துட்டான், அவுத்து வுடு. தொங்குற ஆளு வேம்பு கண்ணுக்குத் தெரியாது, விளிம்பு மறைக்கும். என் கையத்தான் பார்ப்பான். ஒரு நாளு தப்புனதில்ல.

அன்னிக்கு அறிவு வராண்டாவுக்கு அர மாடி மேல தொங்கிகினு கீறான். வேல முடிஞ்சிச்சு, வராண்டாவுலயே எறங்கி எங்களோட டீ குடிக்கிறதா பேச்சு. வந்தாச்சேன்னு சேப்டி கயித்தக் கழட்டிட்டான். கழட்டக்கூடாதுதான். ஆத்தாளப் பார்த்த அவசரம். பூவம்மா அழுவுறா, சிரிக்கிறா, த பாருய்யா ஒம் புள்ளயன்றா. சுத்தி ஜனம் போட்டோ எடுக்குது. எம் புள்ள, எம் புள்ளன்னு சொல்லிகினு கீறேன், அதுங்களுக்கு பாஷ புரியல. நெஞ்சு நெறஞ்சு போச்சு சார். வேற ஒண்ணியும் தோணல. ரயிலேத்தி வுட்டா காட்டுவோமே, அந்த மாரி அறிவுக்கு டாட்டா காட்டுனேன். தலைக்கு மேல, நல்லா விரிச்சு.

மொட்ட மாடிலேந்து வேம்பு எட்டிப் பார்த்தான். அறிவு அவனுக்குத் தெரியல. நான் தெரிஞ்சேன்.

இன்னா சார், பேனாவ மூடிட்ட? தோ, இந்தக் கைதான். வேம்பு உங்ககிட்ட சொல்லலியா? சொல்ல மாட்டான். அடிச்சே கேட்டாலும் மேஸ்திரியக் காட்டிக் குடுக்க மாட்டான் அவன்.

மெதுவாப் பேசு, பூவம்மா உள்ள கீறா. அவளுக்கு இன்னும் தெரியாது. நானே சொல்லிக்கிறேன். வேம்புன்னு கீற எடத்த அடிச்சுட்டு நீலமேகம்னு எம் பேர எழுது. குடு, கையெழுத்துப் போடறேன்.