டிரைவரிடம் ஒரு கேள்வி

"அம்மா, நீங்கள் கூட வந்தால் அது பாடமில்லை," என்றாள் கோட்-டெ-நெய்ஜ் தெருவால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் தாயோடு இருந்த பெண்பிள்ளை. பதினைந்து வயதிருக்கும்.

"நான் வரேல்லை பிள்ளை. பள்ளிக்கூடம் ஒத்துவராமல் ரெண்டு வருசமா வீட்டில என்னட்டைப் படிக்கிறாய். வெளி ஆக்களோடை ஒரு சொல்லுக் கதைச்சனியே? ஆஸ்பத்திரிக்கு எங்கை இறங்கிறதெண்டு டிரைவரிட்டைப் போய்க் கேள்."

அவள் போய்ப் பிரெஞ்சில் கேட்டாள். டிரைவர் கையை நீட்டி விளக்கமாகச் சொன்னார். அவள் திரும்பி வந்து தாயின் பக்கத்தில் இருந்தாள்.

"என்னவாம்?"

"தெரியாது. என்னைக் கதைக்கத்தானே சொன்னனீங்கள்? அவர் கதைக்கிறதைக் கவனிக்கச் சொல்லேல்லையே."

தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஐயோ, அது என்ரை பிழை. இன்னொருக்காப் போவியோ?"

"ஓம், அதுக்கென்ன," என்றவள், தாய் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றாள்.