அண்ணனுக்கு ஒரு தொலைநோக்கி

முதல் தொலைநோக்கி வாங்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே தப்பு. "எத்தன மடங்கு பெருசாக் காட்டும்?" என்பார்கள். பெட்டிமேல் அச்சடித்த ஐந்நூறு மடங்கை நம்பி வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். கேட்க வேண்டியது, குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பதைத்தான். வாய் அகலமானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொறுமையாக. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, ஐயா. முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

அண்ணனும் அதே கேள்வியைத்தான் கேட்டார். கட்டட ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த புதிது.

"அப்படி என்னதான்டா இருக்கு மேல? எனக்கும் ஒண்ணு பாத்து வாங்கிக் குடு. உன்னோடதவிடப் பெருசா இருக்கணும்."

என்னுடையது நாலரை அங்குலம். அவருக்கு எட்டு அங்குலம் தேர்ந்தெடுத்தேன். மனதாரத்தான் செய்தேன். குழாயைத் தாங்க முக்காலி வேண்டாம், காற்றடித்தால் ஆடும். தரையில் உட்காரும் சுழல் பெட்டியே நல்லது. கண் வைத்துப் பார்க்கும் சின்னக் குழலை ஐபீஸ் என்போம், அதில் இரண்டு போதும். நட்சத்திர வரைபடப் புத்தகம் கம்பிச் சுருள் போட்டதாக இருக்க வேண்டும், மடியில் விரித்தால் மூடிக்கொள்ளாது. லட்சம் புள்ளி உள்ள புத்தகம் புதியவரை மிரட்டிவிடும் என்பதால் சின்னதாக ஒன்றை எடுத்துவைத்தேன்.

"புக் எதுக்குடா புதுசா? உன்னோடது சும்மாதான கெடக்கு, அதக் குடு" என்றார்.

என்னுடையது சும்மா கிடக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்புகள். என் மனைவி சிவப்பு டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, நான் எழுதியவை. எதையாவது அவள் முதலில் கண்டுபிடித்தால் ஓரத்தில் அவள் பெயரை எழுதுவேன். அவள் இப்போது இல்லை. ஆனாலும் கொடுத்தேன். அண்ணன் கேட்டு நான் இல்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அவர் பந்திக்கு முந்துகிற ஜாதி. வீட்டுக்கு எது வந்தாலும் முதல் கை அவருடையது. சைக்கிள் வந்தாலும் சரி, அப்பா விட்டுப்போன வீட்டின் தெருப்பக்கத்து அறையானாலும் சரி, அவர் பார்த்து மிச்சம் வைத்ததுதான் எனக்கு.

கொஞ்ச நாளில் அவர் வீட்டு மாடியில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒருநாள் நானும் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவும் யார் குறித்தது என்று கேட்டார்.

"எல்லாம் நாந்தான். ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதுனது" என்றார் அண்ணன். என்னைக் காட்டி, "இவன் என் தம்பி. லென்ஸ் கடையில பெட்டி பிரிக்கிறான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்கு உண்மை தெரியும். எனக்கு டீ கொடுத்தார்கள். அடுத்தவன் உழைப்பில் அண்ணனுக்குப் பெருமை: ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நானும் டீயைக் குடித்தேன்.

அதையும் பொறுத்திருப்பேன். கூட்டம் கலைந்த பிறகு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவள் பெயர் இருந்த இடமெல்லாம் ரப்பரால் தேய்த்து அழித்திருந்தது.

"கண்டவங்க பாக்குற புக்கு, பேரெல்லாம் இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். அவளைச் சொன்னதாகவே என் காதில் விழுந்தது. அவள் 'கண்டவள்' அல்ல. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவருக்குச் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளைக் காட்டும் ஆசை வந்தது. சூரியனைப் பார்க்க, குழாயின் வாயை முழுதாக மூடும் பெரிய ஃபில்டர் ஒன்று உண்டு. அதையும் நான்தான் முன்பே வாங்கிக் கொடுத்திருந்தேன். வெயில் உள்ளே நுழையும் முன்பே அது தடுத்துவிடும். "அது மங்கலாக் காட்டும்ணே, மாத்தித் தரேன்" என்று சொல்லி எடுத்துவந்துவிட்டேன். பதிலுக்குச் சின்னதாக ஒரு கரும்பச்சைக் கண்ணாடி கொடுத்தேன். ஐபீஸில் திருகி மாட்டுவது. பழைய தொலைநோக்கிப் பெட்டிகளில் இது கிடக்கும். எங்கள் கடையில் கண்ணில் பட்டதும் சுத்தியலால் உடைத்துவிடுவது வழக்கம், யாரும் எடுத்து உபயோகித்துவிடக் கூடாது என்று. உடைப்பது என் வேலை. ஒன்றை உடைக்காமல் வைத்திருந்தேன்.

எட்டு அங்குல வெயிலும் குவிந்து அந்தக் கண்ணாடியில்தான் விழும். முதலில் அழகாகத்தான் தெரியும். சூடேறியதும் விரிசல் விடும். அதற்குப் பிறகு கண் இமைக்க நேரமிருக்காது. சூரியனைக் குறி வைக்கும்போது கண்ணை வைக்கக் கூடாது, தரையில் குழாயின் நிழல் சுருங்கும்வரை திருப்பினால் போதும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கூட்டத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். நன்றாக யோசித்தேன். அண்ணன் இருக்கும் இடத்தில் இன்னொருவர் முதலில் பார்க்க முடியாது. கண்ணை வைத்தால் லேசில் எடுக்கவும் மாட்டார். அவருக்கு மட்டும்தான் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கொடுத்தேன். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.

சூரியனைக் காட்டுவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். என் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கும் வேலை என்றுதான் சொல்லியிருந்தாள். பாதியில் விடுப்புக் கிடைத்து, நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

நடந்ததை அண்ணிதான் சொன்னார்கள். "அவருதான் பாக்கக் குனிஞ்சாரு. இவளப் பாத்ததும் என்ன தோணுச்சோ, நிமிந்துட்டாரு. 'புக்குல இருக்குற குறிப்பெல்லாம் இவ அப்பன் எழுதுனது. நான் வெறுமனே பீத்திக்கிட்டேன். எம் பொண்ணு மொதல்ல பாக்கட்டும்'னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டு நகந்து நின்னாரு."

அவளுக்கு வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. திரும்ப வராது என்கிறார் டாக்டர். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, என்னாலதான் என்னாலதான் என்று தலையில் அடித்துக்கொள்கிறார். நான் அதை மறுக்கவில்லை.

அந்தக் கரும்பச்சைக் கண்ணாடியைக் கொடுத்தது நான். தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஐயா, பிறந்ததிலிருந்து எல்லாவற்றிலும் முந்திக்கொண்ட மனிதர் அன்றைக்கு மட்டும் ஏன் நகர்ந்து நின்றார் என்று அவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள். என் மகளின் கண்ணுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.