கேக்காம காட்டுன தேதி

இன்னா சார் சொன்னீங்க, வெப்சைட்டு வேகமா தொறக்கணும்னுதான் அப்டி வச்சீங்களா? நல்லா வச்சீங்க போங்க. இல்ல இல்ல, நீங்க டீயக் குடிங்க. ஜீப் இன்ஜின் ஆறட்டும், அப்பால மேல ஏறலாம். மேல ஒங்க காலேஜ் முகாமுக்கு இன்னும் நேரம் கீது. கொஞ்சம் மெதுவா பேசுங்க, கடை வரைக்கும் கேக்குது.

ஒங்க நர்சிங் காலேஜ் பேனர வண்டியில ஏத்தும்போதுதான் கேட்டேன், வெப்சைட்ட யாரு பாத்துக்கறதுன்னு. நான்தான்னீங்க. யாருகிட்டயாவது கேக்கணும்னு போன வருசத்துலேர்ந்து இருந்தேன், நீங்களே வந்து ஏறுனீங்க.

எங்க மலையில வூட்ல சிக்னல் கெடைக்காது சார். தோ தெரியுது பாருங்க பாறை, அது மேல ஏறுனாத்தான். அங்க போயி பக்கத்தத் தொறந்து, மூடாம அப்டியே வூட்டுக்கு எடுத்தாருவோம். எவனும் கீழ இழுத்து ரீப்ரெஷ் பண்ண மாட்டான். இழுத்தா சுத்திக்கினே கெடந்துட்டு வெள்ளையா நிக்கும், இருந்ததும் பூடும். போன் வாங்கித் தந்தா மொதல்ல இத்தத்தான் சொல்லித் தருவோம், இழுக்காதேன்னு.

என் தங்கச்சி இளவரசியும் அப்டித்தான். கவுன்சிலிங் தேதி போட்ட அன்னிக்கே பாத்துட்டா. அப்பால தெனம் பாறை ஏறி, தேதி மாறிச்சான்னு அந்த லிங்க்கத் தொட்டுப் பாப்பா. பளிச்சுனு தொறக்கும். இன்னிக்கு சிக்னல் சூப்பருண்ணான்னு சிரிப்பா. சிக்னலு எங்க சார்? போனு தன் வயித்துல வச்சிருந்த பழசயே எடுத்து எடுத்துக் காட்டிக்கீது. ஒரு மாசம் வச்சுக்கோ, என்னை ஒண்ணும் கேக்காதேன்னு, பக்கத்தோட சேத்து போனுக்கு அனுப்பற ஹெடர்ல எழுதி வச்சது நீங்கதான?

இன்னாது? நோ-கேஷ்னா வச்சுக்கலாம், ஆனா காட்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கணும். நோ-ஸ்டோர்னா வச்சுக்கவே கூடாது. அவ்ளோதானா? ஒரே வரியா? தேதி போடற பக்கத்துக்கு அந்த ஒரு வரி எழுத ஒங்களுக்குக் கை வரலியா சார்?

போட்ட தேதிய அப்பால நீங்க ஒரு நாள் முன்னாடிக்கு மாத்திட்டீங்க. அமிர்தியில கீதாஞ்சலின்னு ஒரு பொண்ணு, அது ஒங்க வெப்சைட் பக்கமே போனதில்ல. கடைசியில மொதல் தபா தொறந்துச்சு, புதுத் தேதி வந்துச்சு, போயி சீட்டு வாங்கிச்சு. தெனம் பாத்தவளுக்குப் பழசு, பாக்காதவளுக்குப் புதுசு. நல்லா கீது ஒங்க நாயம்.

நானும் இளவரசியும் புளி ஏத்தின வண்டியில கண்ணமங்கலம் எறங்கி, பஸ் மாறிப் போனோம். புதுச் சுடிதாரு போட்டிருந்தா. கேட்டுல வாட்ச்மேனு, நேத்தே முடிஞ்சிட்டுதேன்னாரு. உள்ள ஒரு மேடத்துகிட்ட போனக் காட்டினா. அந்தம்மா வெரலால ஒரு இழு இழுத்தாங்க, புதுத் தேதி வந்து நின்னுது. ஒரு பக்கம் ஒழுங்கா பாக்கத் தெரியல, நீயெல்லாம் ஊசி போட வந்துட்டியான்னாங்க. அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சுல எரியுது சார். அவ அழுவல. போன வாங்கி உள்ள வச்சுக்கினா, அவ்ளோதான். பாறை மேல அதுக்கப்புறம் அவ ஏறல.

இப்ப அந்த வரிய மாத்திட்டீங்களா? எப்போ? நாலு பேரு வந்து சண்ட போட்டப்புறமா? கண்ணு கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம். பண்ணுங்க, பண்ணுங்க.

சரி, இன்ஜின் ஆறிட்டுது, போலாம். காசு நான் குடுத்துக்கறேன், வுடுங்க. கிளாஸ அங்கயே வச்சிடுங்க, டீ குடுத்த பொண்ணு வந்து எடுத்துக்கும். சக்கர போதுமாண்ணான்னு ஒங்கள ஒரு தபாவுக்கு ரெண்டு தபா கேட்டுச்சே, அதுதான் சார் இளவரசி. நீங்க யாருன்னு நான் அதுகிட்ட சொல்லல.