வெறும் வளையம்

சொந்தக்காரர்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல எனக்கு வராது, ஐயா. ஸ்கேன் அறைக்கு வரும் மற்றவர்களிடம் பட்டென்று சொல்லிவிடுவேன். முன்பு நாத்தனாரின் கரு தங்கவில்லை என்று சொல்லப்போய், நான் கண் வைத்ததால்தான் கலைந்தது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். எனக்குக் குழந்தை இல்லை; அதனால் அந்தக் கட்சிக்கு ஆள் சேர்ப்பது சுலபம்.

என் ஓரகத்தியை ஸ்கேன் செய்தபோது மாமியார் பக்கத்திலேயே நின்றார். கருப்பைக்குள் சின்னதாக ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது. வெறும் நீர்தான். கரு வலது பக்கக் கருக்குழாயில் இருந்தது. அங்கே வளர்ந்தால் குழாய் வெடித்துவிடும். அன்றே சொல்லியிருந்தால் ஊசி மருந்திலேயே முடிந்திருக்கும்.

வளையத்தைக் காட்டி, "இதானேம்மா குழந்தை?" என்றார் மாமியார்.

அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "இதான் அத்தை" என்றேன்.

அன்று எனக்குத்தான் முதலில் பரிமாறினார். மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறுநாள் தெருவில் எல்லோரிடமும் என்னை "எங்க வீட்டு டாக்டர்" என்று பெருமையடித்தார். வாயைத் திறக்க வழியே இல்லாமல் போயிற்று.

பிறகு ஓரகத்திக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தது, ரத்தக் கறையும் பட்டது. வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று கொழுந்தன் கேட்டான். காட்டினால் என் கதி என்ன? மொத்த வீடும் என் வாயைப் பார்த்தது.

"ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும். அவளை அலைய விடாதீங்க" என்றேன்.

கடைசியாகத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"தோள்பட்டை குத்துதுக்கா. கோணலா படுத்துட்டேன் போல."

வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் வலி தோளில் தெரியும். மாணவர்களுக்கு நானே இதைப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும். தைலம் எடுத்து வந்து நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

"உங்க கை பட்டதும் கொஞ்சம் தேவலக்கா" என்றாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. போர்வையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தவறாகப் பார்த்துவிட்டதாகச் சொல்லச் சொல்கிறார் வக்கீல். அது என் தொழிலுக்கு இழுக்கு. வளையம் வெறும் வளையம் என்று தெரிந்தேதான் குழந்தை என்றேன். தோள் எதனால் வலிக்கிறது என்று தெரிந்தேதான் தைலம் தேய்த்தேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு அப்புறம் ஒரு கெட்ட செய்திகூட என் வாயால் போகவில்லை. அவள் போய்விட்டாள் என்பதைக்கூட ஆஸ்பத்திரி நர்ஸைத்தான் சொல்லச் சொன்னேன்.