கல்யாணப் பத்திரிகையில் ஒரு எம்.எல்.சி.

ஹலோ... ஹலோ, மெட்ராசுங்களா? எம்.எல்.சி. குழந்தைவேல் அய்யா ரூமுங்களா?... ஏற்காட்டுல இருந்து ட்ரங்க்கால். காலைல ஆறு மணிக்கு புக் பண்ணி இப்பத்தான் கெடைக்குது... அய்யாதானுங்களா? வணக்கமுங்க, பெரிய மாமா. நான் காவேரி. லாட்ஜு மாதப்பன் மக... ஆமாங்க, ஆமாங்க, உங்க தம்பி பையனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கற பொண்ணேதான்.

இல்லீங்க, எல்லாரும் சவுக்கியம். யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க. உங்கள ஒண்ணு கேக்கோணும், அதுக்குத்தான். நீங்க எப்ப ரிட்டயர் ஆறீங்க?... அய்யோ, கோவிச்சுக்காதீங்க. வயசு கேக்கலீங்க, பதவியக் கேக்கறேன்.

காரணமாத்தான் மாமா. போன மாசம் பேப்பர்ல மேலவைக்குத் தேர்தல்னு போட்டிருந்தானுங்களே, அதப் பாத்ததும் உங்க தம்பி ஒரு ஜீப்பப் புடிச்சு மலையேறி வந்துட்டாங்க. அண்ணனுக்கு சித்திரையோட பதவி முடியுது, பத்திரிகைல எம்.எல்.சி.ன்னு போடோணும்னா பங்குனிக்குள்ள கல்யாணத்த முடிக்கோணும்னாங்க. 'முன்னாள்'ங்கற வார்த்தையே நம்ம பத்திரிகைல வரக்கூடாதுன்னு எங்கப்பாவும் சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பங்குனி இருபதுன்னு நாள் வெச்சாச்சு.

உங்களக் கேக்கலீங்களா?... சரியாப் போச்சு. என்னையும் கேக்கலீங்க. எனக்கு பி.ஏ. கடைசிப் பரீட்ச பங்குனி இருபத்திரண்டு. மூணு வருசம் படிச்சது அவ்வளவுதானுங்க... சொன்னேனே. பரீட்ச எப்ப வேணாலும் வரும், எம்.எல்.சி. வருமான்னு கேட்டாங்க, உங்க தம்பி.

சிரிக்காதீங்க மாமா. எங்க பாடத்துலயே இருக்குதுங்க. சட்டசபைன்னா எல்லாரும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கோணும். மேலவ அப்படியில்லீங்களே. ஆளுக்கு ஆறு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மூணுல ஒரு பங்குப் பேருதான் எறங்கறாங்க. வழியில மஞ்சக்குட்டை ஸ்டாப்புல கொஞ்சம் பேரு எறங்குனா பஸ்ஸ ஷெட்டுல கொண்டுபோயா விடறாங்க? அது பாட்டுக்குப் போவுது. அப்படித்தானுங்களே?... ஆங். இந்தத் தடவ எறங்கறதுல நீங்க உண்டா இல்லையா? அது ஒண்ணச் சொல்லுங்க.

எனக்கு ஏன் சந்தேகம் வந்துச்சுன்னா, நீங்க ஜெயிச்ச வருசம் அடிச்ச காலண்டரு எங்க ரிசப்ஷன்ல இன்னும் தொங்குதுங்க. உங்க படம் எடுப்பா இருக்குன்னு அப்பா கழட்டவே இல்ல. நேத்து பாத்தேன், நாலு வருசந்தான் ஆச்சு... ஆமாங்க... ஆமாங்க... இன்னும் ரெண்டு வருசமா? இன்னொருக்கா சொல்லுங்க மாமா, காதுக்கு நல்லாருக்குது.

அப்ப ஒரு நிமிசமுங்க, வெச்சுராதீங்க. பாவாயக்கா... வெளக்குமாத்தக் கீழ போடுங்க. எதுத்தாப்புல சேலம் பஸ்ஸுல அப்பா உக்காந்திருக்காங்க, ஓடிப்போயி எறக்குங்க. மெட்ராசுல இருந்து பெரிய மாமா லைன்ல இருக்காருன்னு சொல்லுங்க. பத்திரிகை ப்ரூப்பையும் கையோட கொண்டாரச் சொல்லுங்க.

ஹலோ, இருக்கீங்களா மாமா? அப்பா ப்ரூப்பத் திருத்தி அச்சகத்துக்கு எடுத்துட்டுப் போறாங்க. கண்டக்டரு டீ குடிக்கறாரு. அவரு டம்ளரக் கீழ வெச்சா பத்திரிகை அச்சான மாதிரி. அதனாலதான் உங்களப் போட்டு அவசரப்படுத்தறேன்... என்னங்க? மூணு நிமிசம் ஆயிருச்சா? ஆப்பரேட்டரக்கா, எக்ஸ்டென்ஷன் குடுங்க, கட் பண்ணிராதீங்க... ஆமாங்க, இன்னொரு மூணு நிமிசம்.

எந்த நாளா? பங்குனி இருபதுங்க... ஏனுங்க?... பட்ஜெட் கூட்டமா? அன்னைக்கு நீங்க மெட்ராச விட்டு நகரவே முடியாதா? அட கடவுளே. உங்க பேருக்காகவே நாள் வெச்சு, அந்த நாள்ல நீங்களே வரமாட்டீங்களா?

அப்பா வந்துட்டாங்க மாமா. மேல்மூச்சு வாங்குது... அப்பா, பெரிய மாமாதான். பேசுங்க. அட, வாங்குங்கப்பா... வாங்கமாட்டேங்கறாங்க மாமா. துண்ட எறக்கி இடுப்புல கட்டிக்கிட்டு போனுக்கு முன்னால நிக்கறாங்க. நீங்க சத்தமாச் சொல்லுங்க, நான் ரிசீவர அவங்க காதுகிட்ட புடிக்கறேன்.

சொல்லிட்டீங்களா? அப்பா தலையாட்டறாங்க. அது உங்களுக்குக் கேக்காதில்ல, அதனால நான் சொல்றேன்... இப்ப நொம்ப வேகமா ஆட்டறாங்க. உங்க தம்பிகிட்ட நீங்களே பேசிக்கறீங்களா? இன்னைக்கேவா? சாமி கும்புட்ட மாதிரி இருக்குதுங்க மாமா.

ஆங்?... வைகாசி வேண்டாமுங்க. வைகாசின்னா இங்க சீசன், வந்தவங்களுக்குப் படுக்க ரூம் இருக்காது. சொந்தக்காரங்கள ஏரியில படகுலயா படுக்க வெக்கறது? ஆவணி வெச்சுக்கலாமுங்க.

இல்லீங்க, அது மட்டும் காரணமில்ல. கண்டுபுடிச்சுட்டீங்க. ப்ரூப்பு இப்ப என் கையிலதான் இருக்குது. படிக்கட்டுங்களா? உங்க பேருக்குப் பின்னால எம்.எல்.சி., கொட்ட எழுத்துல. மாப்பிள்ள பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி. எங்கப்பாவுக்கு லாட்ஜ் உரிமையாளர். பந்தல் போடற செங்கோடண்ணனுக்குக் கூட காண்ட்ராக்டர்னு இருக்குது. செல்வி காவேரிக்குப் பின்னால மட்டும் வெறும் வெள்ளக் காயிதமுங்க. ஆனியில ரிசல்ட் வந்துரும். ஆவணியில அடிச்சா அங்க ரெண்டு எழுத்து போட்டுக்கலாமில்லீங்களா?... சரிங்க... சரிங்க மாமா. ஆவணியே. அப்பா, ஆவணின்னுட்டாங்க.

என்னங்க மாமா?... பெயிலாயிட்டா என்ன பண்றதா? அதையும் யோசிச்சு வெச்சிருக்கேனுங்க. மறுபடி எழுதி அடுத்த ஆவணியில வெச்சுக்கலாம். அப்பவும் நீங்க எம்.எல்.சி.தானுங்களே?... ஹலோ... ஹலோ...