இளஞ்சிவப்புக் கால்

கடற்காகங்களிடம் ஒரு தொல்லை, அவை காலைக் காட்ட மாட்டா. மணலில் வயிற்றைப் பதித்து உட்கார்ந்துவிட்டால் அரை நாள் நகராது. காலின் நிறம் தெரியாமல் எந்த இனம் என்று சொல்ல முடியாது. பொறுமை வேண்டும். எனக்கு அது எப்போதும் உண்டு, ஐயா. சான் எலீயோ தீவில் எத்தனையோ கோடைகள் தனியாகவே பறவை பார்த்தவன் நான்.

ருத்திலியா ஜூனில் வந்தாள். கரையிலுள்ள குவாய்மாஸ் ஊர்க்காரி. என்னோடு தங்கிப் பறவைக் கணக்கெடுக்க வனத்துறைக்காரர்கள் அனுப்பினார்கள். நல்ல பெண். பீன்ஸைப் பதமாக வேகவைப்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தீவுக்கு எதிரே ஒரு மொட்டைப் பாறை. அவள் வருவதற்குச் சற்று முன்னால் அங்கே ஒரு கடற்காகத்தைக் கண்டிருந்தேன். கரிய முதுகு, இளஞ்சிவப்புக் கால். எங்கள் வளைகுடாவில் இருப்பவை மஞ்சள்காலிகள். இதுவோ பசிபிக் கரைப் பறவை, இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். லா பாஸ் நகரில் பறவை ஆய்வாளர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ருத்திலியா தொலைநோக்கியில் ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

"வாத்தியாரே, இது நம்ம மஞ்சக்காலியோட பிள்ளதான். சின்ன வயசுல கால் ரோஸாத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"முதுகப் பாத்தியா? பிள்ளைக்கு ஏது இவ்வளவு கறுப்பு?"

"பாத்தேன். காலும் இப்பவே மஞ்சளாகுது. கிட்டப் போயி போட்டோ எடுத்துட்டா முடிஞ்சது. தோத்தவங்க பாத்திரம் கழுவணும், சரியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுநாள் காலை அவளைப் படகில் கொண்டுபோய்ப் பாறையில் இறக்கிவிட்டேன். மதியம் வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. குடிநீர்க் கேன் படகிலேயே இருந்தது. "வாத்தியாரே, தண்ணி," என்று கை நீட்டினாள். அதற்குள் நான் படகைத் திருப்பியிருந்தேன். என்ஜினில் பழுது எதுவும் இல்லை. உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை.

அந்தப் பாறையில் நிழல் கிடையாது. இடையில் ஓடும் நீரோட்டத்தை நீந்திக் கடக்கவும் முடியாது.

சாயங்காலம், எங்களுக்குச் சாமான் கொண்டுவரும் படகுக்காரன் எலியோதோரோ கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"எல்லாம் நல்லாருக்கா? அந்தப் பொண்ணு இன்னும் உங்கள வம்புக்கு இழுக்குதா?"

"நல்லாருக்கு. அவ பறவை பாத்துக்கிட்டு இருக்கா."

அது உண்மைதானே.

அடுத்த நாள் முழுவதும் தொலைநோக்கியில் கவனித்தேன். முதலில் சட்டையைக் கழற்றி ஆட்டினாள். பிறகு பாறையோடு ஒடுங்கி உட்கார்ந்தாள். வெயில் ஏற ஏற இடம் மாற்றினாள், அப்புறம் மாற்றவில்லை. கடற்காகங்கள் அவளைச் சுற்றிக் கத்திப் பார்த்துவிட்டுப் பழகிக்கொண்டன. குஞ்சு சாகிறதே என்று கூட்டில் கைவைக்கப் போனால் அவன் என்ன பார்வையாளன்? இத்தனை வருடத்தில் நான் எதிலும் குறுக்கிட்டதில்லை.

அவள் கேமராவில் கால் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறீர்கள். மாலை வெயிலில் எல்லாமே மஞ்சள்தான்.

அதற்கடுத்த நாள் காலை என் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள். தொலைநோக்கி நல்ல ரகம், உதடுகள் அசைவதுகூடத் துலக்கமாகத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இளஞ்சிவப்புதான் என்று ஒத்துக்கொண்டாள், ஐயா. எனக்கு அது போதும்.