துப்பாக்கிக் கம்பெனியிடம் கேட்க வேண்டியது

"ஏனுங்க, துப்பாக்கி செய்யறதுக்கு எவ்வளவு தண்ணி வேணுமுங்க?"

பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் பஸ். கேட்டவர் எனக்கு முன் சீட்டில் இருந்த குண்டடத்து விவசாயி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வீரபாண்டியில் சாயப்பட்டறை நடத்துகிறவராம். நகக்கண்ணில் நீலம் அப்பியிருந்தது.

"துப்பாக்கிக்கு எதுக்குங்க தண்ணி? இரும்பு வேலைதானுங்களே."

"துப்பாக்கிக் கம்பெனிக்கு எடம் பாக்க நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்க. எங்க மேட்டாங்காடும் அதுல வருதுங்க. கேட்டுப்போட்டுத்தான் சரீன்னு சொல்லோணும்."

"என்ன வெலை தருவாங்க, ஊட்டுக்கு ஒருத்தருக்கு வேலை உண்டான்னு கேளுங்க. அத உட்டுப்போட்டு..."

"அதெல்லாம் பொறவுங்க. கழிவுத் தண்ணிய எங்க உடுவாங்கன்னு மொதல்ல கேக்கோணும்."

சாயப்பட்டறைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "மருந்து, தோட்டான்னு வெடிக்கற சமாச்சாரமுங்க. அதுக்குப் பயமில்லீங்களா?"

"வெடிச்சாச் சத்தம் கேக்குமுங்க, எந்திரிச்சு ஓடிக்கலாம். வீரபாண்டில எங்க மாமனாரு தோட்டத்துக் கெணறு கெட்டப்ப ஒரு சத்தமும் கேக்கலீங்க. ஒரு நா காத்தால மாடு தண்ணித் தொட்டில வாய வெச்சுது, குடிக்காம மொகத்தத் திருப்பிக்கிச்சு. அப்பத்தானுங்க எங்களுக்கே தெரிஞ்சுது."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. விவசாயி அதே மரியாதையோடு கேட்டார்.

"உங்க பட்டறை வீரபாண்டில எந்தப் பக்கமுங்க?"

சாயப்பட்டறைக்காரர் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். குண்டடத்தில் விவசாயி இறங்கும்வரை அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.